புறநகர்ச் சாலையில் நடைபாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், ஆவடி, மாங்காடு என்று சென்னைப் புறநகரின் எந்தப் பக்கம் இருந்தாலும், "எங்கள் சாலைக்கு நடைபாதை வேண்டும்" என்று குடியிருப்போர் நலச்சங்கம் மனு எழுத உட்காரும்போது கிளம்பும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். 40 அடிச் சாலை, இரண்டு பக்கமும் வீடுகள், நடுநடுவே கடைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பஸ் ஸ்டாப். அப்படி ஒரு சாலையை வைத்துத்தான் இந்தப் பதில்கள். கான்கிரீட் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் அளப்பது, எதை எங்கே நகர்த்துவது என்று முடிவெடுப்பது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது என்று நிறைய இருக்கிறது, பதில்கள் நீளுவதும் அங்கேதான்.

எங்கள் சாலையில் வண்டியே குறைவு. நடைபாதை தேவையா?

பகல் பதினோரு மணிக்கு வாசலில் நின்று பார்த்தால் குறைவுதான். காலை எட்டேகாலுக்குப் பள்ளி வேனும், தண்ணீர் லாரியும், குறுக்குவழி தேடி உள்ளே நுழையும் கார்களும் ஒன்றாக வரும்போது, நடந்து போகும் பிள்ளை எங்கே ஒதுங்குகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள். வடிகால் மூடி மேல், அல்லது நிறுத்தியிருக்கும் காருக்கு வெளியே, நடுரோட்டில். 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். தடையில்லாத நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மனுவில் இதை ஒரு வரி எழுதுங்கள், கனம் கூடும்.

யாரிடம் கேட்பது?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் மனு கொடுத்தால் அது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வேளச்சேரி–தாம்பரம் சாலை மாதிரிப் பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. உள்சாலைகள் மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ இருக்கும். ஆவடி 2019லும் தாம்பரம் 2021லும் மாநகராட்சி ஆனதால், அங்கெல்லாம் பழைய நகராட்சி, பேரூராட்சிக் காலத்துப் பதிவேடு ஒரு இடத்திலும் புதிய வார்டு அலுவலகம் வேறு இடத்திலும் இருக்கலாம்.

மாநகராட்சி என்றால் வார்டின் உதவிப் பொறியாளர், கவுன்சிலர் இருவரிடமும் ஒரே மனுவைக் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து கேட்டுப் பதிவு செய்ய வையுங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடும். தீர்மானமாக நிறைவேற்றி வாங்கிவிட்டால், பிறகு வரும் அதிகாரி "அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை" என்று சொல்ல முடியாது.

சாலையின் உண்மையான அகலம் எப்படித் தெரியும்?

தார் போட்ட அகலம் சாலையின் அகலம் இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே உள்ளதும் இல்லை, ஏனென்றால் சுவரே வெளியே வந்திருக்கலாம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால் லேஅவுட் வரைபடத்தில் சாலை அகலம் எழுதியிருக்கும். அந்தச் சாலை நிலத்தை மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். பழைய ஊர்ப் பகுதி என்றால் புலப்பட நகல், அதாவது எல்லோரும் எப்.எம்.பி. என்று சொல்லும், சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம், அதை எடுத்துக்கொண்டு தாலுகா சர்வேயரை வைத்து அளக்க வேண்டும்.

அளந்து முடித்ததும் தெருவில் முகங்கள் மாறும் என்பதற்கும் தயாராக இருங்கள். 40 அடி என்று தாளில் உள்ள சாலை, தரையில் ஒரு இடத்தில் 40, இன்னொரு இடத்தில் 33 என்று நிற்கும். அந்த 7 அடி யார் வீட்டுப் படிக்கட்டில் இருக்கிறது என்பதுதான் பாதி கதை. அதனால் அளவு எடுப்பதைத் தனி ஆள் கேட்டதாக வைக்காதீர்கள், சங்கத் தீர்மானமாகப் போகட்டும்.

நடைபாதை எவ்வளவு அகலம் வேண்டும்?

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற வழிகாட்டி, குடியிருப்புப் பகுதிக்குக் குறைந்தது 1.8 மீட்டர், கடைகள் கலந்த பகுதிக்கு 2.5 மீட்டர் என்கிறது. இது தடையில்லாமல் நடக்கக் கிடைக்கும் அகலம், மொத்த அகலம் இல்லை. மின்கம்பம், மரம், பெயர்ப்பலகை எல்லாம் இதற்கு வெளியே ஒரு தனிப் பட்டையில் நிற்க வேண்டும். தலைக்கு மேலும் 2.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் போட்ட தகரக் கூரையின் முனை நெற்றியில் இடிக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி என்பது 12.2 மீட்டர். இரண்டு பக்கமும் 1.8 என்றால் 3.6 போகும். வண்டிகள் எதிரெதிரே போக 6.5 மீட்டர் தாராளம். மீதி 2.1 மீட்டர். அதில்தான் பக்கத்துக்கு ஒரு மீட்டர் அளவில் மரமும் கம்பமும் நிற்கும் பட்டை. இடம் இருக்கிறது, பார்த்தீர்களா? "நம்ம ரோட்டில் எங்கே இடம்" என்று முதல் கூட்டத்தில் சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதலில் முடிந்தவரை தார் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் பிளாட்பாரம் என்பார்கள். மிச்சத்தில் பிளாட்பாரம் வராது. நடப்பதற்கான அகலத்தை முதலில் கழித்துவிட்டு, மீதியில் வண்டிப்பாதை என்று வரைபடம் வர வேண்டும். எங்கள் வாதமெல்லாம் இந்த ஒரு வரிதான்.

சாலை 30 அடிதான். அப்போது?

9.1 மீட்டர். இரண்டு பக்கமும் 1.8 போனால் வண்டிக்கு 5.5 மீட்டர் மிஞ்சும், மெதுவாகப் போகும் உள்சாலைக்குப் போதும், ஆனால் கார் நிறுத்த இடம் இருக்காது. ஒரே பக்கம் நல்ல நடைபாதை போட்டுவிடலாம் என்பார்கள். பள்ளி, பஸ் ஸ்டாப் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் சரி. இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டரில் ஒரு சிமெண்டுக் கோடு போடுவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதில் யாரும் நடக்க மாட்டார்கள். 20 அடிச் சந்துக்கு நடைபாதையே வேண்டாம், வேகத்தடையும் வெளிச்சமும் போதும்.

மழைநீர் வடிகால் வரப்போகிறது. அதன் மேலேயே நடந்தால் போதாதா?

போதும், வடிகாலை நடைபாதையாகவும் நினைத்துக் கட்டினால். புறநகரில் புதிதாக வரும் நடைபாதை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில்.

முதல் சிக்கல் உயரம். வடிகாலின் மேல் ஸ்லாப் சாலையைவிட ஒன்றரை அடி உயரத்தில் நின்றுவிடும். சாய்வு கிடைக்கவில்லை, அடியில் குடிநீர்க் குழாய் வந்துவிட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். ஒன்றரை அடி உயரத்தில் இருப்பதன் மேல் வயதானவர்கள் ஏற மாட்டார்கள், கீழேயே நடப்பார்கள். சாலை விளிம்பிலிருந்து 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி, அதற்கு மேல் நடைபாதை உயரக் கூடாது. எஸ்டிமேட் போடும்போதே சாலை மட்டம், வடிகால் மேல்மட்டம், வீட்டு வாசல் மட்டம் மூன்றையும் ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் கேளுங்கள். தனித்தனியாக வரைந்தால் தனித்தனியாகத்தான் நிற்கும்.

இரண்டாவது, மூடிகள். தூர்வார ஒவ்வொரு சில மீட்டருக்கும் ஒரு மூடி வேண்டும். மூடியில் தூக்குவதற்கு இரும்பு வளையம் துருத்திக்கொண்டு நிற்கும், செருப்பு மாட்டும். வளையம் மூடியின் பள்ளத்துக்குள் மடங்கி உட்காரும்படி செய்யலாம், ஒப்பந்ததாரரிடம் ஆரம்பத்திலேயே சொன்னால் செய்வார்கள். தூர்வாரிய பிறகு மூடியைத் திரும்ப மூடினார்களா என்று பார்ப்பது சங்கத்தின் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் தண்ணீர் தேங்கினால் திறந்த மூடி கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, தண்ணீர் உள்ளே போகும் வழி. நடைபாதைக்குக் கெர்ப் கல், அதாவது ஓரக் கல், வைத்துவிட்டால் சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் போகக் கெர்ப்பில் துளையோ கம்பி வலையோ வேண்டும். அது இல்லாமல் கட்டி, முதல் மழையில் சாலையே குளமாகி, கடைசியில் கடப்பாரையால் கெர்ப்பை உடைத்த இடங்கள் உண்டு.

எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் நடைபாதை வந்தால் கார் எப்படி உள்ளே போகும்?

எல்லாக் கூட்டத்திலும் அதிக நேரம் பிடிக்கும் கேள்வி. நடைபாதை ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் இறங்கி ஏறக் கூடாது, அது ஒரே மட்டத்தில் நேராகப் போக வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். சாலை விளிம்பில் மரமும் கம்பமும் நிற்கும் அந்தப் பட்டைக்குள்ளேயே ஒரு குட்டிச் சாய்வு கொடுத்தால் கார் ஏறி, நடைபாதையைக் கடந்து, கேட்டுக்குள் போய்விடும். நடைபாதையின் உயரம் அரை அடியோ அதற்குக் குறைவோ என்றால் இதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால் வீட்டு மட்டத்தில். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியவர்கள் இரண்டடி, மூன்றடி ஏற்றிக் கட்டினார்கள். பழைய வீடு சாலைக்குக் கீழே ஒரு அடி, பக்கத்துப் புது வீடு சாலைக்கு மேலே இரண்டடி. புது வீட்டுக்காரர் அந்த இரண்டடியை இறக்க ரேம்ப்பைச் சாலைவரை நீட்டியிருப்பார், அதற்குக் கிரானைட் வேறு. நடைபாதை வரும்போது அந்த ரேம்ப் காம்பவுண்டுக்கு உள்ளே போக வேண்டும், வேறு வழியே இல்லை. ஒரு வீட்டுக்கு விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் நடப்பவர் சாலைக்கு இறங்குவார். ஒருமுறை இறங்கியவர் திரும்ப ஏற மாட்டார், அதோடு அந்த நடைபாதை முழுவதும் வீண்.

பேசுவதற்கு ஒரு யோசனை. நோட்டீஸ் வருவதற்கு முன்னால், சங்கத்தில் உள்ள வயதில் மூத்த ஒருவர் அவர் வீட்டுக்கே போய், "சார், உங்கள் கேட் மட்டம் எவ்வளவு, நம்ம மேஸ்திரியை வைத்து உள்பக்கம் சாய்வு எவ்வளவு வரும் பார்த்துவிடலாமா?" என்று ஆரம்பிக்கட்டும். பொதுக்கூட்டத்தில் வைத்து "நீங்கள் ஆக்கிரமிப்பு" என்று ஆரம்பித்தால் கவுன்சிலர் முதல் வக்கீல் வரை எல்லோரும் வந்துவிடுவார்கள்.

டிரான்ஸ்பார்மரும் மின்பெட்டியும் நடுவில் நிற்கின்றன. நகர்த்துவார்களா?

நகர்த்துவார்கள், செலவை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. மின்வாரியத்தில் இதை டெபாசிட் வேலை என்பார்கள்: கேட்கிறவர் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அதனால் நடைபாதை எஸ்டிமேட்டிலேயே இந்தத் தொகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி டைல்ஸ் பதித்துவிட்டுப் போய்விடுவார்கள். டிரான்ஸ்பார்மரை அசைக்கவே முடியாது என்றால், நடைபாதை அதைச் சுற்றிச் சாலைப் பக்கம் வளைந்து போகட்டும், அந்த இடத்தில் மட்டும் வண்டிப்பாதை கொஞ்சம் குறுகினால் ஒன்றும் ஆகாது. தெருவோர மின்பெட்டிகள் எளிது, சுவரோரம் திருப்பி வைத்தாலே ஓரடி கிடைக்கும்.

மரங்கள்?

வெட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் நிழல் இல்லாத நடைபாதையில் மார்ச் முதல் ஜூன் வரை யார் நடப்பார்கள்? வெட்டவேண்டிய கட்டாயம் என்று சொன்னால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், பல நேரம் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடிமரத்தை ஒட்டிக் கான்கிரீட் போடவும் விடக் கூடாது. குறைந்தது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மண் தெரிய வேண்டும்.

பைக்குகள் மேலே ஏறி ஓட்டுவார்களே, தூண் வைத்தால் நிற்குமா?

முழுசாக நிற்காது. பைக்கின் ஹேண்டில் அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பைக் நுழையாதபடி நெருக்கி வைத்தால் சக்கர நாற்காலியும் நுழையாது. தூணுக்குத் தூண் 1.2 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள், அது காரையும் ஆட்டோவையும் தடுக்கும், பைக்கை வேகம் குறைக்க வைக்கும், அவ்வளவுதான். பைக் ஏறுவது எங்கே என்று கவனித்தால் சிக்னலுக்கு முன்னாலும் பள்ளி வாசலிலும்தான், சாலை அடைத்துக்கொள்ளும் இடத்தில். அங்கே அடைப்பைத் தீர்க்காமல் தூண் நட்டுப் பயன் இல்லை. பூட்டுப் போட்ட இரும்புச் சுழல்கதவு வைக்கும் யோசனை வந்தால் எதிர்த்துப் பேசுங்கள்.

இளநீர் வண்டி, பூக்காரம்மா, இட்லிக் கடை எல்லாம் என்ன ஆகும்?

அவர்களைத் துரத்துவதற்காக நடைபாதை கேட்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதற்கும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சாலையோர வியாபாரம் பற்றி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வரைபடத்தில் மரமும் கம்பமும் நிற்கும் பட்டை இருக்கிறதல்லவா, அதிலேயே நாலைந்து இடங்களில் தள்ளுவண்டி நிற்க இடம் குறிக்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு அந்த இட்லிக் கடை வெளிச்சம்தான் துணை. நடைபாதையை உண்மையில் அடைப்பது தள்ளுவண்டியைவிட, கடைக்காரர் வெளியே அடுக்கும் பிளாஸ்டிக் குடமும் விளம்பரப் பலகையும்தான். அவற்றை எடுக்கச் சொல்ல எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

கார் எங்கே நிறுத்துவது?

உள்ளே. கடைகள் உள்ள பகுதியில் வேண்டுமானால் மரம் நிற்கும் பட்டையில் மரத்துக்கு மரம் இடைவெளியில் பைக் நிறுத்தக் கட்டம் போடலாம். பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் கார் நிறுத்தம்தான் பெரிய பேச்சாக இருந்தது. இன்று அங்கே போய் மாலை நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

மஞ்சள் டைல்ஸ் எதற்கு?

பார்வையற்றவர்களுக்கு. நீளக்கோடு உள்ளது "இப்படியே போ", புள்ளி உள்ளது "நில், முன்னால் ஏதோ இருக்கிறது". அழகுக்காகப் பதித்து, கோடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிப் பதிப்பதற்குப் பதிக்காமலே இருக்கலாம். அதைவிட முக்கியம் ஒவ்வொரு தெருமுனையிலும் சாய்தளம்: 1க்கு 12 என்ற கணக்கு, அரை அடி இறங்க ஆறடி நீளம். தெருமுனையில் சாலையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கிவிட்டால் சாய்தளமே தேவைப்படாது, வண்டியும் மெதுவாகத் திரும்பும். பள்ளி வாசலுக்கு இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்?

உள்ளாட்சியின் சொந்த நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, இரண்டும் இல்லையென்றால் நமக்கு நாமே திட்டம். கடைசியதில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று. வசதியான தெருவுக்கு அது சுலபம், மற்றவர்களுக்கு இல்லை, அதனால் அதை முதல் வழியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. செலவில் டைல்ஸ் சின்னப் பங்கு. வடிகாலும் மின்வாரிய டெபாசிட்டும்தான் தொகையை ஏற்றும்.

வேலை நடக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. மனு போட்டு எஸ்டிமேட், பணி ஆணை, வரைபடம் மூன்றின் நகலையும் முன்பே வாங்கி வையுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் ஜல்லி வந்து இறங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பேவர் பிளாக் என்றால் கனத்தைப் பாருங்கள். வெறும் நடைக்கு 50 அல்லது 60 மில்லிமீட்டர் போதும், ஆனால் கார் ஏறிக் கடக்கும் கேட் வாசல்களில் 80 மில்லிமீட்டர் வேண்டும். எல்லா இடத்திலும் 60 போட்டுவிட்டால் ஒரே வருடத்தில் கேட் முன்னால் மட்டும் குழி விழும். கீழே மணல் பரப்புவதற்கு முன்னால் தரையை இடித்துக் கெட்டிப்படுத்தினார்களா, ஓரக் கல் அசையாமல் கான்கிரீட்டில் நிற்கிறதா என்பது அடுத்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், அது வீட்டுப் பக்கம் ஓடாமல் சாலைப் பக்கம் ஓட வேண்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் சாலை வெட்ட அனுமதி கிடைக்காது. ஆகஸ்டில் பணி ஆணை வந்தால் அவசரப்படுத்தாமல், பொங்கலுக்குப் பிறகு ஆரம்பிக்கச் சொல்வதே மேல்.

போட்டு முடித்த பிறகு சாலைக்கு மறுபடி தார் போட்டால் நடைபாதை தாழ்ந்துவிடாதா?

தாழ்ந்துவிடும், இரண்டு முறை தார் போட்டால் அரை அடிக் கெர்ப் கால் அடியாகும், பைக் தானாக ஏறும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். தாரைச் சுரண்டும் மில்லிங் வண்டி வராமல் தார் லாரி மட்டும் வந்தால், அன்று காலையிலேயே உதவிப் பொறியாளருக்குப் போன் போடுங்கள். மதியத்துக்குள் ரோலர் ஓடிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

கேபிள் கம்பெனிக்காரர் வந்து தோண்டினால்?

அனுமதிச் சீட்டைக் கேளுங்கள், அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோண்டிய இடத்தைப் பழையபடி சரிசெய்வதற்கான கட்டணத்தை உள்ளாட்சி முன்பே வாங்கியிருக்கும், அதனால் "மண் போட்டு மூடியாச்சு சார்" என்பது பதில் இல்லை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913, மற்ற இடங்களில் முதல்வரின் உதவி எண் 1100. புகார் எண்ணை எழுதி வையுங்கள், அடுத்த முறை கூப்பிடும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.